அண்ணனின் கிட்னியும் வாடகைத் தம்பியின் கடனும்

இதுவரைக்கும் இந்த இதழில் நான் எழுதியதெல்லாம் சம்பாப் பட்டத்தில் தூயமல்லி எப்படி வந்தது, ஏரி வண்டல் அடித்ததில் என்ன பலன், மீன் அமிலம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தெளிக்கணும், இந்த மாதிரிதான். இந்த முறை சிறுநீரகத்தைப் பற்றி எழுதுகிறேன். "நீ என்ன டாக்டரா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் கடந்த இரண்டரை வருஷமா வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் வார்டு வாசல்ல உட்கார்ந்திருக்கிறவன். போன மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "எங்க வீட்லயும் ஒருத்தருக்கு இருக்குதுண்ணே" என்று நாலு பேர் தனியா வந்து பேசினார்கள். அதனால்தான் எழுதுறேன்.

எங்களுக்குக் குன்றத்தூர் பக்கம். ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, இன்னொரு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள். நெல் விளைந்த கழனியெல்லாம் இப்போ கிடங்காவும், வரிசை வீடாவும் ஆகிப்போச்சு. அதிலும் நானும் அண்ணனும் இரண்டே முக்கால் ஏக்கரைப் பிடித்துக்கொண்டு பதினோரு வருஷமா ரசாயனம் இல்லாமல் விவசாயம் செய்து வந்தோம்.

எப்படி வந்தது

அண்ணனுக்கு அப்போ வயசு 51. குடி கிடையாது, பீடி கிடையாது. எங்கள் வயலில் யூரியா விழுந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகுது. "நமக்கெல்லாம் நோய் வராதுடா" என்று பெருமையாகச் சொல்லுவார். இரத்தக் கொதிப்பு இருந்தது அவருக்கே தெரியாது, பார்த்ததே இல்லை. இடுப்பு வலிக்கு மட்டும் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. நடவு நாளில் ஒன்று, களை எடுக்கும் நாளில் ஒன்று என்று ஆரம்பித்து, கடைசியில் தினமும் ஒன்று ஆகிவிட்டது.

கொதிப்பைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்காவிட்டாலும் கெடும். வலி மாத்திரையை மாசக்கணக்கில் விழுங்கினாலும் கெடும். இதில் மோசம் என்னவென்றால், பெரும்பகுதி கெட்டுப்போகும் வரை வலியோ, தொந்தரவோ எதுவும் தெரியாது. கால் வீங்கி, வாய் கசந்து, மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும். அண்ணனுக்கு ஒரு ராத்திரி படுக்கவே முடியாமல் மூச்சு முட்டியது. பெரிய ரோட்டில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கொண்டுபோனோம். இரத்தத்தில் கிரியேட்டினின் 11. சாதாரணமா அது ஒன்றை ஒட்டி இருக்கணும். "இரண்டு கிட்னியும் போயிடுச்சு, இப்பவே டயாலிசிஸ் பண்ணணும்" என்றார்கள்.

சிறுநீரகம் நின்றால் என்ன வழி

நம்ம பாஷையில் சொன்னால் சிறுநீரகம் என்பது உடம்பின் வடிகால். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப உடம்புக்கே விட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் கழிவாக வெளியே தள்ளுகிறது. வடிகால் அடைத்த கழனியில் பயிர் அழுகுகிற மாதிரி, இது நின்றால் உப்பும் நீரும் நஞ்சும் உள்ளேயே தேங்கும். அதற்கு மூன்று வழி இருக்கிறது.

முதலாவது இயந்திர டயாலிசிஸ். கையில் சின்ன அறுவை செய்து சிரையையும் தமனியையும் இணைத்து 'ஃபிஸ்டுலா' போடுவார்கள். அதில் ஊசி குத்தி, இரத்தத்தை இயந்திரத்துக்கு எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி விடுவார்கள். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். வாரத்துக்கு மூன்று முறை செய்வது நல்லது, நம் ஊரில் பலருக்கு இரண்டுதான் கிடைக்கிறது. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஓடும். தண்ணீரும் மின்சாரமும் சரியாக இல்லாத ஊரில் டயாலிசிஸ் மையம் நடத்த முடியாததற்கு இதுவே ஒரு காரணம்.

இரண்டாவது, வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸ். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, பையில் இருக்கும் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்து வெளியே எடுப்பது. தினமும் மூன்று, நாலு தடவை மாற்றணும். கை சுத்தம், அறை சுத்தம் ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் கிருமி ஏறிவிடும். ஆஸ்பத்திரி தூரமா இருக்கிற கிராமத்துக்காரர்களுக்கு இது நல்ல வழி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மூன்றாவது, மாற்றுச் சிறுநீரகம். இந்தியாவில் இது நல்லபடியாக முதலில் கைகூடியது நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், 1971-ல். மாற்றிய பிறகு உடம்பு அதைத் தள்ளாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடணும். ஆனாலும் மூன்றில் இதுதான் ஆளை மறுபடி ஆளாக்குவது.

பணம் எங்கே போச்சு

தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். இரண்டரை லட்சம் கரைந்தது. பிறகு வாரம் இரண்டு டயாலிசிஸ், ஊசி, மாத்திரை, ஆட்டோ. ஆறாவது மாசம் நாற்பது சென்ட் போச்சு. எங்கள் பக்கம் நிலம் விற்பது கஷ்டமே இல்லை. காலையில் சொன்னால் சாயங்காலம் ஆள் வந்துவிடும். அதுதான் ஆபத்து. நோய் வந்தால் நிலத்தை விற்கலாம் என்ற எண்ணம் நமக்கு முதலில் வருது, அரசு வழி என்ன இருக்கு என்று கேட்கிற எண்ணம் கடைசியில் வருது.

ஒரு நர்ஸம்மாதான் பரிதாபப்பட்டு, "ஏன்ணா இப்படிச் செலவு பண்றீங்க, காப்பீட்டு அட்டை இல்லையா?" என்று கேட்டார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் உண்டு, மாற்று அறுவையும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போய்ப் படம் எடுத்தால் அட்டை கிடைக்கும். அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இலவசம். 2016 முதல் ஒன்றிய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் இருக்கிறது. சென்னையில் 1993-ல் தொடங்கிய 'டேங்கர்' அறக்கட்டளை மாதிரி, இல்லாதவர்களுக்கு டயாலிசிஸ் செய்து உதவுகிறவர்களும் இருக்கிறார்கள். இதெல்லாம் எங்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் அந்த நாற்பது சென்ட் இன்றைக்கும் எங்களிடம் இருந்திருக்கும்.

இலவசம் என்றாலும் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கூலி போச்சு. ஃபிஸ்டுலா போட்ட கையால் மண்வெட்டி தூக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போகிற குடும்பம் இதிலேயே உடைந்துபோகும். அண்ணன் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெரியவர், பஸ் காசு இல்லாமல் ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரம் அந்தக் கட்டிலில் வேற ஆள் இருந்தார். மருந்து இலவசமா கிடைத்தும் பஸ் காசுக்காக ஒரு உயிர் போனது.

இளநீர் கொடுத்த தப்பு

நம்ம வாசகர்களுக்கு இது கட்டாயம் சொல்லணும். சித்திரை வெயிலில் ஒரு நாள் அண்ணன் சோர்ந்து போயிருந்தார். நான் ஆசையா நம்ம தோப்பு இளநீர் இரண்டு வெட்டிக் கொடுத்தேன். கூடவே வாழைத்தண்டுச் சாறு, கிட்னிக்கு நல்லதுன்னு. ராத்திரி கை கால் துவண்டு, நெஞ்சு படபடவென்று அடித்து, அவசரமா டயாலிசிஸ் செய்யவேண்டியதாயிற்று. டாக்டர் என்னைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

இளநீர், வாழைப்பழம், கீரை, கிழங்கு இவற்றில் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் இருக்கிறவருக்கு அது சத்து. கெட்டுப்போனவருக்கு அது இதயத்தையே நிறுத்தும். இயற்கையா விளைந்ததா, ரசாயனத்தில் விளைந்ததா என்பது இதில் கணக்கே இல்லை. காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொன்னார்கள். தண்ணீரும் அளந்துதான் குடிக்கணும். யாரோ கொடுத்த பொடி, பற்பம், சூரணம் எதையும் டாக்டருக்குச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். என்ன உலோகம் எவ்வளவு இருக்குன்னு தெரியாத மருந்து, மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

வாடகைத் தம்பி வந்து கேட்டது

இப்போ நான் சொல்லத் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு முதலில் என்னைத்தான் சோதித்தார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல் கையை நீட்டினாங்க. இரத்தப் பிரிவு சேரவில்லை. பையனுக்கு வயசு 17. பதினெட்டு ஆகாதவர்கள் கொடுக்கக் கூடாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை வீடு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதில் ஒன்றில் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், மனைவி, கைக்குழந்தை. ஒரகடத்தில் ஒப்பந்த வேலை. ஊரில் அரை ஏக்கர் மானாவாரி. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன், குழுக் கடன், அதை அடைக்க இன்னொரு கடன். ஒரு நாள் ராத்திரி மாட்டுக்கொட்டகைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, பெரியண்ணனுக்குக் கிட்னி வேணும்னு கேள்விப்பட்டேன். எனக்கும் ஓ பாசிட்டிவ்தான். ஒண்ணு போதுமாமே மனுஷனுக்கு. டீக்கடையில ஒரு ஆள் சொன்னாரு, ஆறு லட்சம் வரைக்கும் தருவாங்களாம். வெளில யாருக்கோ கொடுக்கறதுக்கு உங்களுக்கே கொடுத்துடறேன். என் கடன் மட்டும் தீர்ந்தா போதும்."

நண்பர்களே, உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. "இன்னொரு நாற்பது சென்ட் போனா போகட்டும்" என்று கணக்குப் போட்டேன். அண்ணன் பிழைப்பார், தம்பி கடன் தீரும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். காலையில் அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்:

"மண்ணை உறிஞ்சி வெள்ளாமை எடுக்கக் கூடாதுன்னு பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டுத் திரியறோமே. இவன் உடம்பை உறிஞ்சி நான் நடமாடவா? அவன் நாளைக்கு மூட்டை தூக்க முடியாம படுத்தா அந்தக் குழந்தைக்கு யாருடா சோறு போடறது? கடன் இல்லாட்டி அவன் இதைக் கேட்டிருப்பானா?"

எனக்கு அதற்கு மேல் பேச வாய் வரவில்லை.

விற்றவர்கள் என்ன ஆனார்கள்

அண்ணன் கேட்டது சரிதானா என்று பார்க்க ஆரம்பித்தேன். சென்னை வில்லிவாக்கத்துக்கு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். கடன்பட்ட ஏழைகள், அதிலும் பெண்கள், சிறுநீரகம் விற்ற ஊர். அந்தக் கொடுமைகளைப் பார்த்துத்தான் 1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் நிற்கவில்லை. சுனாமியில் எல்லாம் இழந்து எர்ணாவூர் சுனாமி நகரில் குடியேறிய மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007-ல் வெளியே வந்தது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காக விற்றது செய்தியானது. அரசு இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமத்தை நிறுத்தி வைத்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது.

மூன்று இடத்திலும் விற்றவர்கள் யார் என்று பாருங்கள். கடன்காரர்கள்தான். ஊர் மாறுது, தொழில் மாறுது, கடன் மட்டும் மாறலை.

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் விசாரித்து எழுதிய ஆய்வு ஒன்று 2002-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. 100-க்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு, விசாரித்த நாளிலும் கடன் இருந்தது. குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 86 பேர் உடம்பு முன்னைவிட மோசமாகிவிட்டது என்றார்கள். தரகர் சொன்ன தொகையும் முழுசாக் கைக்கு வரவில்லை. 79 பேர், "வேற யாரும் இதைச் செய்ய வேண்டாம்" என்றார்கள். நாங்கள் இதை அந்தத் தம்பிக்குப் படித்துக் காட்டினோம். "கடன் தீராதாண்ணே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், இவர்கள்தான் நெருங்கிய உறவு. மற்றவர்கள் அன்பினால் கொடுக்கிறேன் என்றால் அரசின் அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்கணும். பணம் கைமாறினால் குற்றம். 2011 திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். டீக்கடைத் தரகர் இதைச் சொல்லமாட்டார். "சொந்தக்காரன்னு சொல்லி பேப்பர் ரெடி பண்ணிடலாம்" என்றுதான் சொல்லுவார்.

நேர்மையான வழி

உறவில் கொடுப்பதிலும் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்றுகளில், பெற்றுக்கொண்ட ஐந்து பேரில் நாலு பேர் ஆண்கள். உயிரோடு இருந்து கொடுத்தவர்களிலோ பெண்கள்தான் அதிகம். அண்ணி கை நீட்டினபோது நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அண்ணிக்கு வந்திருந்தால் அண்ணன் வீட்டில் எத்தனை பேர் கை நீட்டியிருப்போம்? இதை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்கணும்.

கடன், உறவு, நெருக்கடி எதுவும் இல்லாமல் சிறுநீரகம் கிடைக்கிற வழி, மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் கொடுக்கும் தானம். 2008 செப்டம்பரில் நம்ம செங்கல்பட்டுப் பக்கம், திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு 15 வயசு. தமிழ்நாட்டில் உறுப்புதானம் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வீடுவீடாகப் போனது. இப்போ தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் காத்திருப்போர் பட்டியல் வைத்து, வரிசைப்படி ஒதுக்குகிறது. 2023 செப்டம்பரில், உறுப்புதானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று முதலமைச்சர் அறிவித்தார். பட்டியலில் பதிய, உரிமம் உள்ள மருத்துவமனை வழியாகத்தான் போகணும். அரசு மருத்துவமனையிலும் பதியலாம். அண்ணன் பெயரைப் பதிந்து பதினாறு மாசம் ஆச்சு. காத்திருக்கிறோம்.

உலகம் முழுக்க இதே கதைதான்

உலகக் கணக்கு ஒன்று பார்த்தேன். 2010-ல் உலகத்தில் ஏறக்குறைய 26 லட்சம் பேர் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகத்தால் உயிரோடு இருந்தார்கள். சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்கள் குறைந்தது 23 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முழுசாச் செயலிழக்கிறது என்கிறது அரசு.

பணக்கார நாட்டிலும் இது தானா சரியாகவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1962-ல் டயாலிசிஸ் இயந்திரம் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்க்காரர்களில் ஒரு குழு போட்டார்கள். அவர்கள் வேலை, வருமானம், குடும்பம், கோயிலுக்குப் போகிறாரா என்பதையெல்லாம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். அது வெளியே வந்ததும் நாடே கொதித்தது. பத்து ஆண்டு கழித்து, 1972-ல், சிறுநீரகம் செயலிழந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அரசே செலவு ஏற்கும் சட்டம் வந்தது. நம்ம மாதிரி நெல் விளையும் தாய்லாந்து 2008-ல் தன் பொதுக் காப்பீட்டில் டயாலிசிஸைச் சேர்த்தது. கிராமங்களை மனசில் வைத்து, வீட்டிலேயே செய்கிற வயிற்று டயாலிசிஸை முன்னால் வைத்தது. 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலனுக்காகவே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இயந்திரமும் மருந்தும் எப்பவோ வந்துவிட்டது. யாருக்குக் கிடைக்கணும் என்பதை மக்கள் கேட்டால்தான் மாறியிருக்கிறது.

உழவர்களுக்கு மட்டும் சில வார்த்தை

தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் அதிகமான விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளியானது. நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை. எங்கள் பக்கத்து போரூர் ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் உப்பளத் தொழிலாளர்களிடமும், வெயிலோடு சேர்ந்து வரும் சிறுநீரகக் குறைபாட்டைப் பார்த்திருக்கிறார்கள். இலங்கையில் அநுராதபுரம், பொலனறுவைப் பக்கத்து நெல் விவசாயிகளிடம் தொண்ணூறுகளிலிருந்து இதே நோய். நடு அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களிடம் இதே நோய்.

காரணம் ஒன்று என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லை. கடும் வெயிலில் தண்ணீர் இல்லாத வேலை, நிலத்தடி நீர், பூச்சிக்கொல்லி என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள். "எல்லாம் பூச்சிமருந்துதான், நமக்கு வராது" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தால் என் அண்ணன் மாதிரித்தான் ஏமாறுவோம்.

அதனால் இதைச் செய்யுங்கள். உச்சி வெயிலில் வேலை வேண்டாம். விடியலில் தொடங்கி முன்பகலில் ஏறிவிடுங்கள். கூலிக்கு வருகிறவர்களுக்கு நிழலும் தண்ணீரும் இடைவேளையும் கொடுப்பது நம்ம கடமை. வருஷத்துக்கு ஒரு தடவை கொதிப்பு, சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், இந்த நாலையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள். வலி மாத்திரையை நீங்களா வாங்கிச் சாப்பிடாதீர்கள். கண்ணாடி விரியன் கடித்தால் சிறுநீரகம் நின்றுபோகும். கட்டுப் போடாமல், கீறாமல், மந்திரிக்காமல் நேரா அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வடநெம்மேலியில் இருக்கும், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நம்மைக் காப்பாற்றும் மருந்து தயாராகிறது. சீக்கிரம் போனால் கொஞ்ச நாள் டயாலிசிஸ் செய்து, சிறுநீரகம் திரும்ப வேலை செய்ய வாய்ப்பு உண்டு. பக்கத்து வயல்காரர் பாராகுவாட் களைக்கொல்லி வாங்கி வைத்திருந்தால் எடுத்துச் சொல்லுங்கள். உள்ளே போனால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து அழிக்கும், அதற்கு முறிமருந்து கிடையாது.

இயக்கமாக நாம் கேட்கவேண்டியதும் இருக்கிறது. ஒவ்வொரு வட்டத்திலும் வாரம் மூன்று முறை செய்ய முடிகிற அளவுக்கு டயாலிசிஸ் கட்டில் வேணும். நோயாளிக்கும் துணைக்கும் பஸ் கட்டணமும் கூலி இழப்புக்கு ஒரு தொகையும் வேணும். வயிற்று டயாலிசிஸைக் கிராமங்களில் சொல்லிக் கொடுக்கணும். குத்தகைக்காரருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் காப்பீட்டு அட்டை சிக்கல் இல்லாமல் கிடைக்கணும். விதைக்கும் தண்ணீருக்கும் குரல் கொடுக்கிற நாம் இதற்கும் கொடுக்கணும். கடனுக்கு உடம்பை விற்கிற நிலை ஒரு விவசாயக் கூலிக்கு வரக்கூடாது.

அந்தத் தம்பியின் கதை கேட்பீர்கள். கடன் தீரவில்லை. நாங்கள் ஒரு வருஷ வாடகையை நிறுத்திவைத்தோம். குழுக் கடன்காரர்களிடம் ஊர்ப் பெரியவர்களோடு போய்ப் பேசித் தவணையைக் குறைத்தோம். ஞாயிற்றுக்கிழமை நம்ம காய்கறியை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விற்றுக் கொடுக்கிறார், அதில் ஒரு பங்கு அவருக்கு. முழுசா மீள இன்னும் இரண்டு வருஷம் ஆகும். இரண்டு கிட்னியோடு மீளுவார்.

செவ்வாயும் வெள்ளியும் விடிகாலையில் அண்ணனை வண்டியில் உட்காரவைக்கும்போது அந்தத் தம்பிதான் வந்து கை கொடுக்கிறார். "பத்திரமா போயிட்டு வாங்க பெரியண்ணே" என்பார். அண்ணன் போகும்போது அவரிடம் கேட்கிற கேள்வி எப்பவும் ஒன்றுதான்: "தண்ணி எப்போ கட்டணும், ஞாபகம் இருக்கா?"